சூரியனைக் கும்பிட்டவர்களும் சூரியனை அளந்தவர்களும்

நமது இயக்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. கடவுளையும், பேய் பிசாசுகளையும், கிரக தோஷங்களையும் கண்டவர் யார் என்று நாம் கேட்டால், உடனே ஒரு பண்டிதர் எழுந்து, "கண்ணால் காணாததையெல்லாம் இல்லை என்று சொல்லிவிடலாமா? காற்றைக் காண்கிறீர்களா? மின்சாரத்தைக் காண்கிறீர்களா? வெளிச்சங்கூடப் பொருள்களைத் தள்ளுகின்றது, அந்தத் தள்ளுதலைக் கொண்டு ஆகாயத்தில் கப்பல் ஓட்டலாம் என்று உங்கள் விஞ்ஞானிகள் சொல்லுகிறார்களே, அந்தத் தள்ளுதலைக் கண்டவர் யார்? அதை நம்புகின்ற நீங்கள் ஆண்டவனை மாத்திரம் ஏன் நம்பக்கூடாது?" என்று கேட்டுவிட்டு, பெரிய வெற்றி அடைந்துவிட்டவர்போல் நாற்புறமும் பார்த்து உட்காருகின்றார். சிலர் கை தட்டவும் செய்கின்றார்கள்.

இந்தக் கேள்விக்கு நாம் கோபித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இதைவிட நல்ல உதாரணத்தை அந்தப் பண்டிதர் நமக்குத் தேடிக் கொடுத்திருக்க முடியாது. ஏனென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்மை என்று ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு, வெளிச்சத்தின் தள்ளுதலைப்போல் தெளிவான சரித்திரம் வேறொன்று கிடைப்பது அரிது. ஆகவே அந்தச் சங்கதியைச் சற்று விரிவாகவே எழுதுவோம். படித்துவிட்டு இரண்டும் ஒன்றுதானா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

தள்ளுதல் எவ்வளவு?

ஒரு பையன் கதவின்மேல் பந்தை எறிந்தால் கதவு சிறிது அசைகின்றது. ஓடுகின்ற பொருள் தன்னோடு ஒரு தள்ளுகின்ற சக்தியைக் கொண்டுபோகின்றது. இதற்கு உந்தம் என்று பெயர். வெளிச்சத்துக்குப் பந்தைப்போல் எடை கிடையாது. ஆனாலும் அது உந்தத்தைக் கொண்டு செல்கின்றது. கருப்புத் துணிமேல் விழுந்து அதிலேயே அடங்கிவிட்டால் ஒரு மடங்கு தள்ளும். கண்ணாடிமேல் விழுந்து திரும்பி வந்தால் இரண்டு மடங்கு தள்ளும். களிமண் உருண்டை சுவரில் ஒட்டிக்கொள்வதற்கும், ரப்பர் பந்து மோதித் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது.

எவ்வளவு தள்ளும் என்பதற்கு மந்திரமோ, குருவின் உபதேசமோ வேண்டியதில்லை. பூமி இருக்கும் தூரத்தில், நேராகச் சூரியனைப் பார்த்த ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் வெயிலின் சக்தி சுமார் 1,361 வாட். இதை வெளிச்சத்தின் வேகமாகிய வினாடிக்கு 30 கோடி மீட்டரால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய வகுத்தல் கணக்கு. கண்ணாடியானால் அதை இரட்டிக்க வேண்டும். வருகின்ற விடை, ஒரு மில்லிகிராம் எடைக்கும் சற்றுக் குறைவானது. அதாவது, ஒரு கடுகின் எடைகூட இராது. 247 ஏக்கர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குக் கண்ணாடி விரித்தாலுங்கூட, அதன்மேல் விழும் மொத்தத் தள்ளுதல் ஒரு கிலோ எடைக்குக் குறைவுதான்.

"இவ்வளவு அற்பமானதைக் கொண்டு என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். பூமியில் ஒன்றும் செய்ய முடியாதுதான். இங்கே காற்று இருக்கின்றது, உராய்வு இருக்கின்றது. ஒரு சிறு மூச்சுக் காற்று வெயிலின் தள்ளுதலை ஒன்றுமில்லாமல் அடித்துவிடும். ஆனால் காற்றில்லாத வெட்டவெளியில் தடுப்பது ஒன்றும் கிடையாது. ராக்கெட்டு சில நிமிஷங்களில் எண்ணெயை எரித்துவிட்டு ஓய்ந்துபோகின்றது. வெயிலோ இரவு பகல் இல்லாமல், எண்ணெய்ச் செலவில்லாமல், வருஷக் கணக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. சிறிய தள்ளுதல்தான், ஆனால் நிற்காத தள்ளுதல்.

வால் நட்சத்திரமும் சூனியக்காரியின் மகனும்

இது மனிதனுக்கு முதன்முதலில் எங்கே புலப்பட்டது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எதைப் பார்த்து உலகம் முழுவதும் மக்கள் நடுங்கினார்களோ, அந்த வால் நட்சத்திரத்தில்தான் புலப்பட்டது. தூமகேது தோன்றினால் அரசனுக்கு ஆபத்து, பஞ்சம் வரும், கொள்ளை நோய் வரும் என்று நம் நாட்டுச் சோசியர்கள் சொன்னார்கள். ஐரோப்பாவில் பாதிரிகளும் அதையேதான் சொன்னார்கள். 1910-ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்த சமயத்தில் மே மாதம் 6-ந் தேதி ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்துபோனார். சோசியர்களுக்குக் கேட்க வேண்டுமா! அந்த நட்சத்திரமோ சுமார் 76 வருஷத்திற்கு ஒருமுறை கணக்குப்படி வந்து போகின்றது. மன்னர்களோ நட்சத்திரத்தைக் கேட்காமல் எல்லா வருஷங்களிலும் சாகின்றார்கள். அதே 1910-ல் அமெரிக்காவில் வால் நட்சத்திர விஷத்துக்கு மாற்று என்று மாத்திரை விற்றுப் பணம் பண்ணியவர்களும் உண்டு. புரட்டுக்குத் தேசமும் மதமும் கிடையாது.

ஆனால் சிலர் பயப்படாமல் அண்ணாந்து பார்த்தார்கள். வால் நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீண்டிருப்பதைச் சீனர்கள் நெடுநாளைக்கு முன்பே கவனித்தார்கள். 1531-ல் தோன்றியதைப் பார்த்து ஜெர்மனியில் பீட்டர் அப்பியன் என்பவரும் அதையே எழுதினார். வால் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதல்ல. சூரியனை விட்டு விலகிப் போகும்போது வால் முன்னால் போகின்றது! ஏன் என்று கேட்டவர் கெப்ளர். சூரியனின் கிரணங்கள் அந்தத் தூசியைத் தள்ளுகின்றன என்று 1619-ல் அச்சிட்ட நூலில் அவர் காரணம் சொன்னார். அதற்கு முன்னமேயே 1610-ல், கலிலியோவுக்கு எழுதிய கடிதத்தில், ஆகாயத்துக்கு ஏற்ற பாயும் கப்பலும் செய்தால் அங்கே போகவும் மனிதர்கள் துணிவார்கள் என்ற கருத்தையும் வெளியிட்டார்.

இந்தக் கெப்ளர் வயிற்றுப் பிழைப்புக்காக ஜாதகம் கணித்துக் கொடுத்தவர்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காலம் எப்படிப்பட்டது தெரியுமா? அவருடைய தாயார் கத்தரீனா என்னும் கிழவியை, லியோன்பெர்க் என்னும் ஊரில் 1615-ல் சூனியக்காரி என்று குற்றஞ் சாட்டினார்கள். 1620-ல் எழுபது வயதுக்கு மேற்பட்ட அந்தக் கிழவியைக் கைது செய்து, சங்கிலியில் பூட்டி, 14 மாதம் சிறையில் வைத்தார்கள். சித்திரவதைக் கருவிகளைக் கண் முன்னே காட்டி மிரட்டினார்கள். மகன் தன் வேலையை விட்டு வந்து வழக்காடி 1621-ல் விடுவித்தார். அடுத்த வருஷமே அவள் இறந்துபோனாள்.

வெளிச்சத்தின் தள்ளுதலைச் சொன்ன நூல் அச்சான வருஷம், தாயின்மேல் சூனியக் குற்றம் நிலுவையில் இருந்த வருஷந்தான். கண்ணுக்குத் தெரியாத சூனியத்தை அந்த ஊரே நம்பிற்று. அளவு கேட்கவில்லை, ருசு கேட்கவில்லை. இப்படிப்பட்ட நம்பிக்கை யாருக்கும் கெடுதல் செய்யாது என்று சொல்லும் கனவான்களுக்கு அந்தக் கிழவியின் காலில் கிடந்த சங்கிலியே பதில்.

கெப்ளர் சொன்னதால் மட்டும் உண்மையாகிவிட்டதா?

இல்லை. இதைத்தான் நாம் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகின்றோம். பெரியவர் சொன்னார், நூலில் எழுதினார் என்பதோடு அவர்கள் நின்றிருந்தால் அதுவும் ஒரு புராணமாகியிருக்கும். 250 வருஷங்களுக்குப் பிறகு, 1873-ல் அச்சிட்ட நூலில் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வெளிச்சம் இவ்வளவுதான் தள்ளவேண்டும் என்று கணக்குக் கொடுத்தார். கணக்குக் கொடுப்பதென்றால், தன் கழுத்துக்குத் தானே கத்தியைக் கொடுப்பது போலாகும். அளந்து பார்த்து வேறாக இருந்தால் அவர் சொன்னது பொய். அதற்குப் பிறகு பேச்சில்லை. நம் தேசத்துப் பஞ்சாங்கக்காரர் எவராவது இப்படித் தன் கழுத்தை நீட்டியதுண்டா?

அதே சமயத்தில் லண்டனில் வில்லியம் குரூக்ஸ் என்பவர் ஒரு சிறு யந்திரம் செய்தார். காற்றை ஏறக்குறைய முழுதும் இறைத்துவிட்ட கண்ணாடிக் குடுவைக்குள், ஒரு பக்கம் கருப்பும் மறுபக்கம் பளபளப்புமான சிறு தகடுகள் ராட்டினம்போல் நிற்கும். வெயில் பட்டவுடன் அது கிறுகிறுவென்று சுற்றும். "ஆகா, வெளிச்சத்தின் தள்ளுதல் தெரிந்துவிட்டது" என்று பலர் குதூகலித்தார்கள். ஆனால் சிலர், "எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றது?" என்று கேட்டார்கள். வெளிச்சம் தள்ளுவதானால் பளபளப்பான பக்கத்தைத்தான் இரண்டு மடங்கு தள்ளவேண்டும். அதுவோ கருப்புப் பக்கம் தள்ளப்பட்டதுபோல் எதிர்த்திசையில் சுற்றிற்று! ஆகவே அது வெளிச்சத்தின் வேலை அல்ல, குடுவையில் மிச்சமிருந்த காற்று சூடேறிச் செய்த வேலை என்று முடிவாயிற்று.

வெளிச்சம் தள்ளுகின்றது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குக்கூடத் தப்பான ருசுவை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தமக்குச் சாதகமான சாட்சியையே குறுக்கு விசாரணை செய்து தள்ளியவர்கள் அவர்கள். அதே குரூக்ஸ், தாலியம் என்னும் உலோகத்தைக் கண்டுபிடித்த அதே மேதாவி, ஆவிகளை அழைப்பதாகச் சொன்ன ஒரு பெண்ணை நம்பி, அங்கே தோன்றிய உருவம் ஆவியே என்று 1874-ல் எழுதினார். உலகம் அவருடைய தாலியத்தை ஏற்றுக்கொண்டது, ராட்டினத்தின் விளக்கத்தைத் திருத்திற்று, ஆவியைக் குப்பையில் போட்டது. ஆள் ஒருவரேதான். சோதனைக்கு நின்றது நின்றது, நிற்காதது போயிற்று. மகான் வாக்கு, ரிஷி வாக்கு என்று சொல்லும் நம்மவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

கடைசியாக, மாஸ்கோவில் லெபெதேவ் என்பவர் குடுவைக் காற்றை மிக மிகக் குறைத்து, மெல்லிய தகடுகளை நூலிழையில் தொங்கவிட்டு, விளக்கொளியைப் பாய்ச்சி, நூல் முறுக்கிக்கொள்வதை அளந்தார். 1901-ல் முழு விவரமும் அச்சாயிற்று. அளவு மாக்ஸ்வெல் கணக்குக்கு ஒத்து வந்தது. அவர் சொல்லை மட்டும் நம்பாமல் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் என்னும் இருவர் தனியாக அளந்தார்கள். அதுவும் ஒத்து வந்தது. இந்த லெபெதேவ் 1911-ல், ருஷ்ய சர்க்கார் சர்வகலாசாலையின் சுதந்தரத்தில் கை வைத்தபோது, உபாத்தியாயர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு தாமும் ராஜிநாமாச் செய்து, தம் உயிரினும் இனிய சோதனைச் சாலையை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷம் 46-வது வயதில் இறந்துபோனார். உண்மையை அளந்த கை மானத்தையும் விடவில்லை.

பாய் விரித்த கதை

அளவு தெரிந்தபிறகு வேலை ஆரம்பமாயிற்று. சிறு வயதிலேயே காது மந்தமாகி, பள்ளிக்கூடம் விட்டு, புத்தகசாலையில் தானாகவே படித்து, சிற்றூர் உபாத்தியாயராக இருந்த சியோல்கோவ்ஸ்கியும், அவரைப் பின்பற்றிய ஸாண்டர் என்பவரும், மெல்லிய பெருங் கண்ணாடிப் பாய்களால் வெயிலைக் கொண்டே விண்வெளியில் செல்லலாம் என்று 1920-களில் எழுதினார்கள். கல்வி என்பது பரம்பரைச் சொத்து, சிலர் தலையில்தான் ஏறும் என்று சொல்பவர்கள் இந்தச் செவிட்டு உபாத்தியாயரின் கதையைப் படிக்கட்டும்.

பாய் என்றால் வெயில் போகும் பக்கமே போகவேண்டும், சூரியனை நோக்கி வரமுடியாது என்று நினைக்க வேண்டாம். பாயைச் சாய்த்துப் பிடித்தால் தள்ளுதலும் சாய்ந்து விழும். சூரியனைச் சுற்றி ஓடும் கலத்தை ஓடும் திசையிலேயே தள்ளினால் வேகம் கூடி வெளியே விலகிப் போகும். ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளினால் வேகம் குறைந்து உள்ளே சூரியனை நோக்கி இறங்கும். எதிர்க்காற்றிலும் பாயைத் திருப்பித் திருப்பிக் கரை சேரும் தோணிக்காரருக்குப் பாயின் சாய்வுதான் வித்தை என்பது தெரியும்.

1974-ல் புதன் கிரகத்தை அடைந்த 'மாரினர்-10' கலத்தில், திசை திருப்பும் வாயு தீர்ந்துவிடாமலிருக்க, அதன் தகடுகளைச் சாய்த்து வெயிலையே சுக்கான்போல் உபயோகித்தார்கள். நம் நாட்டில் செய்யப்பட்டு 1992-ல் ஏவப்பட்ட 'இன்சாட்-2ஏ' செயற்கைக் கோளில், மின்சாரத் தகடு ஒரு பக்கம் மட்டுமே இருந்தபடியால் வெயில் அதைத் தள்ளிக் கோளையே திருப்பிவிடும். அதற்காக மறுபக்கத்தில் நீண்ட கம்பத்தில் ஒரு பாயை வைத்துத் தராசுபோல் சரிக்கட்டினார்கள். தொலைபேசிக்கும் டெலிவிஷனுக்கும் உதவிய கோள் அது. கெப்ளர் பெயரையே தாங்கிய தொலைநோக்கி ஒன்று, 2013-ல் அதை நேராக நிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் கெட்டுப்போய்ச் செயலற்றபோது, வெயிலின் தள்ளுதலையே மூன்றாவது ஊன்றுகோலாகக் கொண்டு 2014 முதல் 2018 வரை வேலை செய்தது. பரிகாரம், ஹோமம் ஒன்றும் நடக்கவில்லை. கணக்குத்தான் நடந்தது.

முதன்முதலாகக் கிரகங்களுக்கிடையில் பாய் விரித்தே ஓடியது ஜப்பானியரின் 'இக்காரோஸ்'. 2010 மே மாதம் ஏவப்பட்டு ஜூன் மாதத்தில் 14 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமுமான பாயை விரித்தது. அந்தப் பாயின் கனம் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் வெயில் தள்ளிய மொத்தத் தள்ளுதல், நம் தட்டார்கள் பொன் நிறுத்த ஒரு குன்றிமணியின் எடைதான் இருக்கும்! 300 கிலோவுக்கு மேற்பட்ட கலத்தைக் குன்றிமணி தள்ளிற்று. ஒரு நாள் முழுவதும் தள்ளினால் வேகம் வினாடிக்கு 30 சென்டிமீட்டர் கூடும், அவ்வளவுதான். ஆனால் நாட்கள் சேரச் சேர வேகமும் சேர்ந்தது. அந்த வருஷம் டிசம்பர் 8-ந் தேதி அது சுக்கிரனைக் கடந்து சென்றது. நம் ஊரில் சுக்கிர தசைக்குக் காத்துக் கிடப்பவர்களும், சுக்கிரனுக்கே பாய் விரித்துப் போனவர்களும் ஒரே உலகத்தில்தான் இருக்கின்றார்கள்.

காசு கொடுத்தவர்கள்

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'பிளானட்டரி சொசைட்டி' என்று ஒரு சங்கம். சர்க்கார் இலாகா அல்ல. பொது ஜனங்களின் சங்கம். 2005-ல் அவர்கள் தயாரித்த 'காஸ்மாஸ்-1' என்னும் பாய்க்கலம், ருஷ்ய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டு பழுதாகிக் கடலோடு போயிற்று. போட்ட பணமெல்லாம் போயிற்று. நம் ஊராக இருந்தால் நாள் சரியில்லை, எலுமிச்சம்பழம் வைக்கவில்லை என்று பேச்சு கிளம்பியிருக்கும். அவர்கள் பழுது எங்கே என்று பார்த்துவிட்டு மறுபடியும் உண்டி குலுக்கினார்கள். 100-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 50,000 பேர் கொடுத்த பணத்தைக் கொண்டு, சுமார் 70 லட்சம் டாலர் செலவில், 'லைட்செயில்' என்னும் கலங்களைச் செய்தார்கள். 2019 ஜூலையில் அதன் இரண்டாவது கலம் 32 சதுர மீட்டர் பாயை விரித்து, வெயிலின் பலத்தால் தன் பாதையை உயர்த்திக் காட்டிற்று. மூன்று வருஷத்துக்கு மேல் சுற்றி, மேலே உள்ள மெல்லிய காற்றின் தடையால் தாழ்ந்து, 2022 நவம்பரில் எரிந்து போயிற்று. நடந்ததை நடந்தபடி உலகத்துக்குச் சொன்னார்கள்.

நம் ஜனங்களும் காசு கொடுக்காதவர்கள் அல்லர். தேருக்கும், கும்பாபிஷேகத்துக்கும், சனிப் பெயர்ச்சிப் பரிகாரத்துக்கும் கூலிக்காரன் முதற்கொண்டு கொடுக்கின்றான். அவன் கொடுத்த காசு என்ன பலன் தந்தது என்று யாராவது அவனுக்குக் கணக்குச் சொன்னதுண்டா? பரிகாரம் பலிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்த சோசியர் உண்டா? "வயிற்றுக்கில்லாத நாட்டில் ஆகாயக் கப்பல் எதற்கு?" என்று நம்மைக் கேட்பவர்கள், வயிற்றுக்கில்லாதவனிடம் சனீஸ்வரனுக்கு எள்ளும் எண்ணெயும் வாங்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கின்றோம்.

இனி, "இதெல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும், புஷ்பக விமானம் இருந்ததே" என்று கிளம்புகின்ற ஆசாமிகளுக்கு ஒரே கேள்விதான். அந்த விமானத்தின் எடை என்ன? எது தள்ளிற்று? எவ்வளவு தள்ளிற்று? ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சூரியனுக்கு ஏழு குதிரை பூட்டி, காலையில் எழுந்து தண்ணீரை அள்ளி விட்டீர்களே, அந்தச் சூரியன் ஒரு கடுகளவு தள்ளுகிறான் என்பதாவது உங்களில் ஒருவருக்குத் தெரிந்ததா? பிறர் கண்டுபிடித்த மறுநாள் எங்கள் ஏட்டில் இருக்கின்றது என்கிறீர்களே தவிர, கண்டுபிடிப்பதற்கு முந்தின நாள் ஒருவராவது சொன்னதுண்டா?

வெளிச்சப் பாய்க்கும் குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். தூரம் இரண்டு மடங்கானால் தள்ளுதல் நாலில் ஒன்றாகும். வியாழன் தூரத்தில் அது இங்குள்ளதில் 27-ல் ஒரு பங்குதான். நட்சத்திரங்களுக்குப் போக வெயில் போதாது. பூமியிலிருந்து லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, கிராம் எடையுள்ள கலங்களை வெளிச்ச வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்குத் தள்ளலாம் என்று 2016-ல் ஒரு யோசனை அறிவிக்கப்பட்டது. அது யோசனைதான், செய்து காட்டியதல்ல. செய்ததையும் செய்யாததையும் பிரித்துச் சொல்லுவதற்குப் பெயர்தான் அறிவு நாணயம்.

ஆகவே பண்டிதரின் கேள்விக்குப் பதில் இதுதான்: நாம் வெளிச்சத்தின் தள்ளுதலை "நம்ப"வில்லை. அது கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனால் அளவு சொல்லப்பட்டது, அளக்கப்பட்டது, தப்பான சாட்சி தள்ளப்பட்டது, வேறு தேசத்தார் மறுபடியும் அளந்தார்கள், முடிவில் பாய் விரித்துக் கலமும் ஓட்டினார்கள். இதில் எந்த இடத்திலாவது பொய்த்திருந்தால் நாம் அன்றே விட்டிருப்போம். கடவுளுக்கும், ஆவிக்கும், கிரக தோஷத்துக்கும் இந்தச் சோதனையில் ஒன்றுக்காவது பண்டிதர் சம்மதிப்பாரா? சம்மதித்தால் நாளைக்கே பேசலாம்.

தோழர்களே! உங்கள் வீட்டுக்குப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு? எப்படி அளந்தாய்? அளவு தப்பினால் விட்டுவிடுவாயா? உங்கள் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கும், இந்த மூன்று கேள்விகளைக் கற்றுக் கொடுங்கள். சூனியக்காரி என்று ஒரு கிழவியைச் சங்கிலியில் பூட்டிய ஊரில், இந்த மூன்றையும் கேட்க நாலு பேர் இருந்திருந்தால் அவள் சிறைக்குப் போயிருக்கமாட்டாள். குன்றிமணி எடையுள்ள தள்ளுதல் கலத்தைச் சுக்கிரன்வரை கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை "எவ்வளவு?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பஞ்சாங்க மூட்டை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று பார்த்துவிடலாம்.